ஓயாத தூரிகை

சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அருகே 1879-ஆம் ஆண்டில் பிறந்தவர் பால் கிளே என்னும் ஓவியர். ஜெர்மனியில் ஓவியப் பேராசிரியராக விளங்கிய அவரை 1933-இல் நாஜி அரசு பதவியினின்று நீக்கிற்று. பெர்னுக்கு மீண்ட அவரை 1935-இல் கொடுநோய் பற்றியது. தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்கிளெரோடெர்மா என்னும் நோய் அது என்பது அவர் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே மருத்துவர்க்குப் புலனாயிற்று. உணவை விழுங்குதலும் அரிதாயிற்று. இளமை முதல் பயின்ற வயலினையும் கைவிட நேர்ந்தது. 1936-இல் அவர் படைத்தவை 25 மட்டுமே.

மறுஆண்டு கிளே மீண்டும் தூரிகையை முனைந்து எடுத்தார். முன்னர் மயிரிழை போன்ற கோடுகளை வரைந்த கை, இப்போது தடித்த கருங்கோடுகளை இழுத்தது. தளர்ச்சியால் விளைந்த மாற்றம் என்று மட்டும் இதனைக் கூறுதல் பொருந்தாது. சில கோடுகளாலேயே பெரும்பொருளை உணர்த்தும் புதுநெறியாக அவர் அதனை ஆக்கிக்கொண்டார். 1939-இல் தேவதூதர் பலரை வரைந்தார். அவருள் ஒருவர் மறதியுடையவர். மற்றொருவர் கண்ணீர் வடிப்பவர். வானுலகத்தாரிடமும் குறை கண்டு பரிவு கொண்டது அவ்வுள்ளம் போலும்! அவ்வோராண்டில் மட்டும் அவர் படைத்தவை 1,200-க்கும் மேற்பட்டவை. 1940-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உயிர் நீங்குவதற்குள் மேலும் முந்நூற்றுக்கு மேற்பட்ட படைப்புகளை அவர் முடித்திருந்தார்.