ஆங்கிலம் அறிவோம்: ஃபோர்காஸ்ட்

கடை தொடங்கக் கடன் கேட்கும் எம்மவரிடம் வங்கிகள் 'காஷ் ஃப்ளோ ஃபோர்காஸ்ட்' கேட்கின்றன. எங்களிடம் படிவத்துடன் வருவோர் பலர் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். "நாளை நடப்பதை எப்படி எழுதுவது? பிழைத்துப்போனால் பொய் சொன்னதாகிவிடுமே" என்பார்கள். கடனும் கிடையாமல் போகிறது.

இச்சொல்லைக் காலநிலைக்கு வழக்கில் கொண்டுவந்தவர் பிரித்தானியக் கடற்படையினரான றொபேட் ஃபிட்ஸ்ரோய். 1861 ஓகஸ்ட் 1இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவரது முதல் எதிர்வுகூறல் வெளிவந்தது. தீர்க்கதரிசனம் என்று எவரும் எண்ணக்கூடாதென்றே இச்சொல்லைத் தெரிந்தெடுத்தார். சாத்திரியார் சொல்வது 'பிரெடிக்ஷன்'. கையிலுள்ள அளவுகளிலிருந்து கணித்துச் சொல்வது ஃபோர்காஸ்ட்.

ஆகவே வாடகை, மின்கட்டணம், எதிர்பார்க்கும் விற்பனை எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதுங்கள். எப்படிக் கணித்தீர்கள் என்பதையும் கீழே குறியுங்கள்.

இறந்தகாலத்திலும் ஃபோர்காஸ்ட் என்றே வரும்; 'ஃபோர்காஸ்டட்' என்பதும் பிழையல்ல.