மடிக்கணினி வருமுன் அறிய வேண்டியவை

நமது சங்க அலுவலகத்திற்கு ஒரு மடிக்கணினி வாங்குவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்து, ஆர்டரும் கொடுத்தாயிற்று. சரக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று கடைக்காரர் தெரிவித்திருந்தார். இரண்டாம் வார முடிவில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாம் கேட்டிருந்த ‘ரைசன் 5 7530யூ’ பிராசசர் கொண்ட கணினி இருப்பில் இல்லை என்றும், அதற்குப் பதிலாக ‘ரைசன் 5 7520யூ’ கொண்ட கணினியை உடனே அனுப்ப இயலும் என்றும், இரண்டும் ரைசன் 5 தான் என்றும், விலையும் சற்றுக் குறையும் என்றும் அதில் கண்டிருந்தது.

குழுவில் சிலர், “பத்து எண்தானே வித்தியாசம், ஒப்புக்கொண்டு விடலாம்” என்றனர். வேறு சிலர், “கேட்டது ஒன்று, வருவது வேறொன்றா?” என்றனர். உண்மை யாதெனில், அந்தப் பத்து எண்ணின் பொருள் இரு சாராருக்கும் தெரியவில்லை. நமக்கும் அப்போது தெரியாது. ஒரு வார அவகாசம் கேட்டுப் பதில் எழுதிவிட்டு, அதைக் கற்க முற்பட்டோம். கற்றவற்றை அங்கத்தினர் அனைவரும் அறிந்து பயன்பெறும் பொருட்டு இம்மாதப் பாடமாகத் தருகிறோம்.

இது ஓர் அலுவலகத்தின் கவலை மட்டுமன்று. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடியில் ஒரு திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. எனவே இந்தக் கருவி இன்று சங்கத்திலும் வீட்டிலும் புழங்கும் பொருளாகிவிட்டது. சங்கம் வாங்கும் கணினிக்கோ நெசவாளரும் விவசாயியும் சேர்த்த பங்குப் பணம் செலவாகிறது. அது ஐந்தாறு ஆண்டுகளேனும் உழைக்க வேண்டும்.

பிராசசர் என்பது யாது?

கணினியில் எல்லாக் கணக்கையும் செய்து முடிக்கும் சிறிய சில்லுக்குப் பிராசசர் என்று பெயர். நெசவாளருக்கு இது முற்றிலும் அந்நியமான பொருள் அன்று. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் அமைத்த தறியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்களால் பூவும் மயிலும் சேலையில் உருவாகின்றன. கணக்கிடும் பெரிய இயந்திரம் ஒன்றைத் திட்டமிட்ட ஆங்கிலேயர் பாபேஜ், அதற்குக் கட்டளையிட இதே துளையட்டை முறையை மேற்கொண்டார். இன்றைய பிராசசரும் அந்த ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டையே கொண்டு வேலை செய்கிறது. வேகம் மட்டுமே வேறு.

பிராசசரை விவரிக்கும்போது நான்கு சொற்கள் தவறாமல் வரும். அவற்றைத் தறிக்கூடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது ‘கோர்’. இதைத் தறி எனக் கொள்க. ஆறு கோர் என்றால் ஆறு தறிகள். ஆறு தறி இருப்பதனால் ஒரு சேலை ஆறு மடங்கு விரைவில் முடியாது. ஆனால் ஆறு சேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும்.

இரண்டாவது ‘திரெட்’. ஒரு வேலை நூலுக்காகக் காத்திருக்கும் வேளையில் அதே தறியில் மற்றொரு வேலையைக் கவனிக்கும் ஏற்பாடு இது. ஆறு கோருக்குப் பன்னிரண்டு திரெட் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது ‘கிகாஹெர்ட்ஸ்’. நாடா நிமிடத்திற்கு எத்தனை முறை ஓடுகிறது என்பதைப் போன்ற கணக்கு இது. ஆயினும், ஓர் ஓட்டத்தில் எவ்வளவு துணி விழுகிறது என்பதை இந்த எண் சொல்லாது. அது தறியின் அமைப்பைப் பொறுத்தது.

நான்காவது ‘கேஷ்’. தறியருகில் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றி வைத்த தார்களுக்கு இது சமம். தார் குறைவாக இருந்தால் நெசவாளர் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

நூலின் நம்பரை அங்கத்தினர் அறிவர். நம்பர் கூடினால் நூல் மெலிது என்று பொருள். உறுதியானது என்றோ, சாயம் நிற்கும் என்றோ பொருள் இல்லை. மரக்காணத்து உப்பளத்திலும் இதே பாடம் உண்டு. பாத்தியில் நிற்கும் நீர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். டிகிரி பார்த்தால்தான் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியும். ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு படியத் தொடங்குகிறது. அளவு மிஞ்சி 29, 30 என்று ஏறவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து சரக்கு கசந்துவிடும். ஆகவே பெரிய எண் நல்ல எண் என்று சொல்வதற்கில்லை. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அறிவதே அறிவு.

இனி நமது பத்து எண்ணுக்கு வருவோம். ஏஎம்டி நிறுவனம் 2023ஆம் ஆண்டு வரிசைக்கு வகுத்துக்கொண்ட முறைப்படி, நான்கு இலக்கங்களில் முதல் இலக்கம் வெளியான ஆண்டு வரிசையைக் குறிக்கும். இரண்டாவது இலக்கம் தரவரிசையைக் குறிக்கும். மூன்றாவது இலக்கமே உள்ளமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். 7520யூ என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதன் உள்ளமைப்பு 2019இல் வெளிவந்த ‘ஜென் 2’. 7530யூ என்பதில் அந்த இலக்கம் 3; அதன் உள்ளமைப்பு 2020இல் வெளிவந்த ‘ஜென் 3’.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 7530யூவில் கோர் 6, திரெட் 12, மூன்றாம் நிலைக் கேஷ் 16 எம்பி. 7520யூவில் கோர் 4, திரெட் 8, மூன்றாம் நிலைக் கேஷ் 4 எம்பி. அடிப்படை வேகத்தை மட்டும் பார்த்தாலோ 7530யூவுக்கு 2.0 கிகாஹெர்ட்ஸ், 7520யூவுக்கு 2.8. வேக எண்ணை மட்டும் கண்டு தேர்ந்தெடுப்பவர் இவ்விடத்தில் நிச்சயம் ஏமாறுவார்.

இன்டெல் நிறுவனத்தின் ‘கோர் ஐ3 1315யூ’ போன்ற பெயர்களில் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் காட்டும். இது 13ஆம் தலைமுறை. ‘ஐ5’ என்று மட்டும் சொல்லித் தலைமுறையைச் சொல்லாத விளம்பரத்தை நம்பலாகாது. பல தலைமுறை முந்திய ஐ5, புதிய ஐ3க்குப் பின்தங்கிப் போவதுண்டு. பழைய கணினியைப் புதுப்பித்து விற்பவரிடம் வாங்குவோர் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசசர்கள், சிற்சில விலக்குகள் நீங்கலாக, 8ஆம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. ஆறாம் தலைமுறைக் கணினியை மலிவென்று வாங்கி, அதில் சங்கத்தின் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பின்னர் மாற்ற முடியாதவை

மடிக்கணினியில் பிராசசர் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் மாற்ற இயலாது. ரேம் எனப்படும் நினைவகம் சில கணினிகளில் கூட்டக்கூடியது, சிலவற்றில் கூட்ட முடியாதது. விவசாயிக்குச் சொல்வதாயின், கோப்புகள் நிலையாகத் தங்கும் எஸ்எஸ்டி என்பது குதிர். அவற்றைப் பரப்பி வைத்து வேலை செய்யும் ரேம் என்பது களம். குதிர் எவ்வளவு பெரிதாயினும் களம் குறுகினால் போரடிக்க முடியாது.

7520யூ ஏற்கும் எல்பிடிடிஆர்5 வகை நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்படுவது. அதாவது 8 ஜிபியுடன் வாங்கினால் இறுதிவரை 8 ஜிபிதான். 7530யூ கொண்ட பல கணினிகளில் ரேமைக் கூட்டுவதற்கு இடம் உண்டு; எல்லாவற்றிலும் இல்லை. கடைக்காரரிடம் இதை எழுத்து மூலம் கேட்டறிவதே முறை.

உப்புக்காற்றும் வாட்டும்

பெயரின் இறுதியில் நிற்கும் ஆங்கில எழுத்தையும் படிக்க வேண்டும். ‘யூ’ என்பது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகை. பெரும்பாலும் 15 வாட் அளவினது. ‘எச்’ என்பது 45 வாட் அளவில் இயங்கும் அதிவேக வகை. வாட் கூடினால் சூடு கூடும்; சூட்டைத் தணிக்க விசிறி அதிகம் சுழலும்; விசிறி சுழலச் சுழல வெளிக்காற்று உள்ளே புகும்.

நமது கடற்கரையில் அந்தக் காற்று வெறுங்காற்று அன்று. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புச்சாடியில் நாம் காண்பது இதுவே. கணினிக்குள் படிந்த உப்புத் துகளும் அவ்வாறே கசிந்து, உலோகத்தை அரிக்கும். மின்சாரம் போகக் கூடாத வழியில் போகவும் இடம் தரும். ஆகவே, படத்தொகுப்பு போன்ற கனமான வேலை இல்லாத சங்கத்திற்கு ‘எச்’ வகை தேவையற்றது மட்டுமன்று, உப்பளக் கரையில் தீங்கும் ஆகலாம். கடலை நோக்கிய சன்னலருகே கணினியை வைக்காதிருப்பதும், வேலை முடிந்ததும் அணைத்து மூடிப் பெட்டியில் வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

குறைந்த வாட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறிய நாட்களை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லாத வேளையில் மின்கலத்தை அதிக நேரம் தாங்க வைப்பது ‘யூ’ வகையே.

வேலையை எண்ணிய பின் விலையை எண்ணுக

மாணவர் மடிக்கணினிகளுக்காக எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்று தேவையை முதலில் வரையறுத்தது. விலை அதன் பின்னரே வந்தது. நாமும் அவ்வழியே சென்று, காத்திருந்த நாட்களில் சங்கத்தின் வேலைகளை ஒரு தாளில் எழுதினோம். நூல் இருப்பும் கூலிப் பட்டியலும், உறுப்பினர் பேரேடு, ஜிஎஸ்டி, வங்கி ஆகியவற்றின் இணைய வேலை, சேலைகளின் புகைப்படங்களைத் திருத்தி வாங்குவோருக்கு அனுப்புதல், மாதம் ஓரிரு முறை காணொளிக் கூட்டம். இவற்றுள் எவை ஒரே நேரத்தில் நடக்கும் என்பதையும் குறித்தோம். கூட்டம் நடக்கும்போதே பேரேடும் படங்களும் திறந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புலப்பட்டது.

பேரேடும் கடிதமும் மட்டுமே என்றால் 7520யூ போதுமானது; அது விலை குறைந்த, மின்கலம் நீடிக்கும் கணினிகளுக்கென்றே ஆக்கப்பட்டது. அதனை மட்டமென்று இகழ்வது நியாயமன்று. ஒரு மாணவர் பாடம் படிக்கவும் கட்டுரை எழுதவும் அது உதவும். நமது தேவையோ பல வேலை ஒருங்கே நடப்பதும், ஆறாண்டு நீடிப்பதும், பின்னர் ரேமைக் கூட்டுவதுமாகும். ஆகவே, “7530யூவே வேண்டும், ரேம் கூட்டும் இடம் உள்ளதென எழுத்தில் உறுதி தருக, தாமதமாயினும் காத்திருப்போம்” என்று பதில் அனுப்பினோம். கடைக்காரரும் அதற்கு இசைந்தார்.

கணினி இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் ரசீதில் கையெழுத்திடுமுன் அதனை இயக்கி, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘அபவுட்’ என்ற இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பிராசசரின் முழுப் பெயரும் ரேம் அளவும் அங்கே காணப்படும். அவை ஆர்டரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டுமே பெற்றுக்கொள்வதென்று குழு முடிவு செய்துள்ளது. நூல் சிப்பம் வந்தால் நம்பரையும் எடையையும் பாராமல் எடுத்துக்கொள்வோமா? அதே விழிப்பு இதற்கும் வேண்டும்.

உறுப்பினர் கூட்டங்களில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் ஒரே நேரத்தில் கணினியில் நடக்க வேண்டிய வேலைகள் யாவை? பட்டியலிடுக.

2. ஆறு கோர் உள்ள பிராசசர், ஒரே ஒரு கணக்கை ஆறு மடங்கு விரைவில் முடிக்காதது ஏன்?

3. பிராசசர், ரேம், எஸ்எஸ்டி ஆகிய மூன்றில், வாங்கிய பின் ஒருபோதும் மாற்ற இயலாதது எது? கடைக்காரரைக் கேட்டே அறிய வேண்டியவை எவை?

4. கடற்கரைச் சங்கத்திற்கு ‘யூ’ வகை ஏற்றது என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.