மேகமும் காமிராவும்

கவின்கலைகளுள் நிழற்படக்கலைக்கு இடமுண்டோ என்பது அறிஞர் நெடுநாள் வாதித்த ஒரு கேள்வி. சித்திரகாரன் தன் மனத்தெழும் உருவத்தை எழுதுகின்றான். காமிராவோ எதிரே நிற்பதை மாத்திரமே காட்டும். ஆகையால், பொருளின் பெயரையும் பயனையும் நீக்கி, வடிவம், ஒளி, நிழல் என்னும் இவற்றாலேயே உள்ளத்தைத் தொடும் அரூப சித்திரம் காமிராவினால் இயலாதெனப் பலர் கருதினர். இக்கருத்தை மாற்றியவருள் ஒருவர் அமெரிக்கராகிய ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ். அவர் அவ்வழியைக் கண்டடைந்த வரலாறு கற்போர்க்கெல்லாம் பயன் தருவதாகும்.

இவர் 1864-ஆம் ஆண்டில் ஹோபோக்கன் நகரிலே பிறந்தார். இயந்திர சாஸ்திரம் கற்கும்பொருட்டு பெர்லினில் வசித்தபோது, ஹெர்மன் வோகல் என்னும் இரசாயன ஆசிரியரை அடுத்து நிழற்படக்கலை பயின்றார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்வன. ஆதலின் படத்திலே நீலவானும் வெண்மேகமும் வேறுபாடின்றி வெளுத்துத் தோன்றும். தகட்டின் மருந்தோடு சில சாயங்களைச் சேர்ப்பின் அது பிற நிறங்களையும் உணரும் என்று 1873-இல் கண்டறிந்தவர் அவ்வோகலே. ஆசிரியரிடம் கற்ற இவ்வுண்மையைத் துணைக்கொண்டு, ஸ்டீக்லிட்ஸ் ஸ்விட்ஸர்லாந்து மலையூராகிய மூரெனில் மேகங்களைப் படம்பிடிக்க முயன்றார். அன்றுதொட்டு மேகம் தம் மனத்தை விட்டகலவில்லை என்பதை அவரே பிற்காலத்தில் தெரிவித்திருக்கின்றார்.

ஆண்டுகள் முப்பத்தைந்து கழிந்தன. அதற்குள் மனிதர் உருவங்களைப் படம்பிடிப்பதில் அவர் பெரும்புகழ் எய்தினார். 1922-இல் ஓர் இளம் எழுத்தாளர், இப்படங்களின் ஆற்றல் எதிரே அமர்ந்திருப்பவர்மீது ஸ்டீக்லிட்ஸ் செலுத்தும் ஒருவகை வசியத்தால் விளைந்தது என்று எழுதினார். புகழ்ச்சிபோற் காணப்பட்ட இச்சொல் அவர் நெஞ்சைத் தைத்தது. கலை தம்முடையதன்று, எதிரே இருந்தவருடையது என்பதன்றோ அதன் பொருள்! அவ்வாண்டிலேயே அவர்தம் தாயார் மரணப்படுக்கையில் இருந்தார். அவ்வேளையில், எவருடைய வசியத்துக்கும் உட்படாத மேகத்தை அவர் தெரிந்துகொண்டார். மேகம் யாவர்க்கும் பொது. அதைக் காண்பதற்கு வரி கொடுப்பாருமில்லை.

நியூயார்க்கு மாகாணத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் எடுத்த முதற்படங்களிலே மேகத்தின் கீழ் மலைச்சரிவும் காணப்படும். 1923 முதல், கையிலேந்தி வானை நோக்கத்தக்க சிறிய காமிராவைக் கைக்கொண்டார். நாளடைவில் மலை மறைந்தது; மரம் மறைந்தது; அடிவானமும் மறைந்தது. அடிவானம் நீங்கினமையால் மேல் எது, கீழ் எது, அளவு எவ்வளவு என்று துணிவதற்கு வழியில்லாது போயிற்று. எஞ்சியவை கருமையும் வெண்மையும், அவற்றின் அசைவுமே. இங்ஙனம் இயற்கையை விட்டு ஓரடியும் விலகாமலே அரூபம் கைகூடிற்று. உள்ளத்துணர்வுக்கு நிகரானவை என்னும் கருத்துப்பட, 1925 முதல் இவற்றிற்கு 'ஈக்விவலெண்ட்ஸ்' என்று பெயரிட்டார். இவற்றுட் பல, நாலங்குலத்துக்கு ஐந்தங்குலம் என்னும் அளவினவே. அவர் 1946-இல் காலமானார்.

இதனால் நாம் அறியக்கிடப்பது யாது? அரூபம் என்பது பொருளைச் சிதைத்துப் பெறுவதன்று. வேண்டாதனவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பெறுவது. விலக்கத்தக்கது இன்னதென்று அறிவதற்கோ நெடுங்காலப் பார்வை வேண்டும். ஆசிரியரிடம் கற்ற இரசாயன நூலறிவும், முப்பத்தைந்தாண்டு மறவாமையும், துயரிலும் தளராத முயற்சியும் ஒருங்குகூடிய பின்னரே, அந்தச் சிறு கடிதத்துண்டிலே வானம் வந்து அமர்ந்தது. மாணவ நண்பர்களே, நமது விளையாட்டு வெளியின் மீதும் மாலைதோறும் மேகங்கள் செல்கின்றன. காமிரா இல்லாதவரும் அண்ணாந்து பார்க்கலாம். முதற் பாடம் அதுவே.