ஒரு முழம் தள்ளி

நெய்வேலிக்காரர்களுக்குத் தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. இராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். என் கையிலிருக்கும் வாட்டர் வாஷ் மெஷின் பீய்ச்சுவதோ 120 கிலோ. அது எவ்வளவு பெரிய வேகம் என்பது ஒரு மொட்டைமாடியைக் கெடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்திரா நகரில் வண்டிகளுக்கு வாட்டர் வாஷ் செய்து ஆரம்பித்தவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ரிட்டயர்மென்ட் பணத்தில் வடக்குத்து, வடலூர்ப் பக்கம் வீடு கட்டியவர்கள் மாடிப் பாசியைக் கழுவக் கூப்பிட்டார்கள். 2,500 ரூபாய் வாங்கினேன். அடுத்த வருஷமே வேறு சிலர் மெஷின் வாங்கி 1,800 என்றார்கள். நான் 1,500 என்றேன். அவர்கள் 1,200. நானும் இறங்கினேன்.

ரேட் இறங்கினால் லாபம்தான் குறையும் என்று நினைத்திருந்தேன். முதலில் குறைந்தது நேரம். ஒரு நாள் வேலையை அரை நாளில் முடித்தால்தான் இரண்டு வீடு பார்க்க முடியும். சீக்கிரம் முடிக்க வேண்டுமானால் நாசிலை ஓட்டுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். கறுப்பு ஒரே இழுப்பில் போகும், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வீட்டுக்காரரும் மகிழ்ந்துபோவார். ஆனால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுப் பதித்த பழைய தட்டோட்டில், பாசியோடு சேர்ந்து சந்தில் பூசிய சாந்தும் போய்விடும். வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் போன் வந்தது. "தம்பி, ஹால்ல சொட்டுது. கொஞ்சம் வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். சந்துகளில் விரல் நுனி இறங்கியது. "சார், இது என் தப்பு. மழை விட்டதும் அடைச்சுத் தரேன்" என்றேன். தை மாதம் கொத்தனாரைக் கூட்டிப்போய் அடைத்தேன். 1,200 ரூபாய் வேலைக்கு 9,000 செலவு. சாரோடு ஒரே ஷிப்டில் இருந்தவர்களுக்கெல்லாம் மாடி ஒழுகிய கதையும் தெரிந்தது, அடைத்துக் கொடுத்த கதையும் தெரிந்தது. இந்த ஊரில் இரண்டும் ஒரே வேகத்தில் போகும்.

அதன்பிறகு ரேட்டை 2,500க்கே திருப்பினேன். வேலை செய்யும் முறையையும் மாற்றினேன். முதலில் மாடி முழுக்கக் குச்சியால் தட்டிப் பார்ப்பேன். டொக்கு விழுந்த ஓடு, ஏற்கெனவே உள்ள விரிசல் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுவேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டால் பாதிப் பாசி தானாகவே விட்டுக்கொடுக்கும். பிறகு விசிறி போல விரியும் நாசில், ஒரு முழம் தள்ளி. நிமிஷத்துக்கு 7 லிட்டர், நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1,700 லிட்டர் தண்ணீர் போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். டேங்க் காலியான வீட்டில் நல்ல பேர் எடுக்க முடியாது. பங்குனி, சித்திரையில் கழுவச் சொல்வேன். சந்து திறந்திருந்தால் மழைக்கு முன்னால் அடைக்க அவகாசம் இருக்கும்.

சில வேலைகளை எடுப்பதே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கார் ஷெட்டைக் கழுவ எத்தனையோ பேர் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் தண்ணீர் பட்டால் அதன் நார் கிளம்பும், அது நுரையீரலுக்கு எமன். ஆசிட்டையும் தொடுவதில்லை. சிமென்டை அரிக்கும், மொசைக்கைச் சாகடிக்கும். பிளீச்சிங்கோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிரையே வாங்கும். இதைச் சொல்லாமல் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

"1,200க்குச் செய்றாங்களே" என்று கேட்ட ஒரு அம்மாவிடம், "தாராளமா கொடுங்கம்மா. எத்தனை மணி நேரம் ஆகும்னு மட்டும் கேட்டுக்கோங்க" என்றேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. அப்படிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக ரேட்டை இறக்கினால் நாசில் மறுபடியும் ஓட்டுக்குக் கிட்டே போய்விடும்.

போன பங்குனியில், அன்றைக்கு ஹாலில் சொட்டிய அதே வீட்டு சார் கூப்பிட்டார். மாடி ஏறிப் பார்த்தேன். சாந்து கெட்டியாக இருந்தது. பாசி மெல்லிசாக மூலையில் மட்டும் படர்ந்திருந்தது.

"இந்த வருஷம் மெஷின் வேண்டாம் சார். பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷும் போதும்" என்றேன்.

"எந்த பிரஷ்ஷுப்பா வாங்கணும்?" என்று கேட்டார். கம்பி பிரஷ் கூடாது, நீளக் கைப்பிடி போட்ட பிளாஸ்டிக் பிரஷ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.