மழையை விட்டுவிடாமல் எழுதுவோம்

1978ஆம் ஆண்டு அல்மா-ஆட்டாவில் கூடிய ஆரம்ப சுகாதார மாநாடு, தம் சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதில் பங்குபற்றுவது மக்களின் உரிமையும் கடமையுமாகும் எனப் பிரகடனம் செய்தது. ஆயினும், இத்தகைய மாநாடுகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்புவோர் பெரும்பாலும் வைத்தியர்களும் அதிகாரிகளுமே.

"இடம்பெயர்ந்த எங்களுக்கு எழுத என்ன இருக்கிறது?" என்பீர்கள். கிணற்றடியில் பேசுவதையே எழுதலாம். ஆனால் 'தண்ணீர் கூடாது' என்று மட்டும் எழுதினால் எவரும் திரும்பிப் பாரார். எந்தக் கிணறு? எத்தனை குடும்பங்கள் அள்ளுகின்றன? எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது? கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டபின் எத்தனை பேருக்கு? ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வாருங்கள், அதுவே சான்று. நோயாளர் பெயர் வேண்டாம்.

சுருக்கம் பெரும்பாலும் 250 முதல் 300 சொற்களுக்குள் கேட்கப்படும். பிரச்சினை, நாம் செய்தது, கண்ட பலன், கற்றது என்ற ஒழுங்கில் எழுதலாம். பலன் கிடைக்காவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும். படித்த பிள்ளை எழுதட்டும். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். இதில் நானும் பிழைவிட்டவன். "மழைக்குப் பிறகு தண்ணி நாறுது" என்று ஒரு தாய் சொன்னதை, 'நீர் மாசடைந்துள்ளது' என்று அழகாக எழுதினேன். வாசித்ததும், "சுவாமி, மழையை விட்டுட்டியளே" என்றார். மலசலகூடக் குழியிலிருந்து கசிவு வருகிறதா என்று எங்களைத் தேடவைத்தது அந்தச் சொல்தான்.

கடைசித் திகதிக்கு இரண்டு கிழமை முன்னரே வாசித்துத் திருத்திவிடுங்கள்.