டெல்பி இடிபாடுகளிற் கிடந்த சாட்சி



கிரேக்க நாட்டுக்குத் திருயாத்திரை செல்வோர் புனித சின்னப்பர் போதித்த ஏதென்ஸ், கொரிந்து ஆகிய இடங்களையே பெரும்பாலும் நாடுவர். அவர் சென்றதாக வேதாகமம் எங்கும் கூறாத டெல்பியையும் பார்த்து வருவது பயன் தரும். ஏன் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

ஏதென்சிலிருந்து வடமேற்கே, தரைவழியாக ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தூரத்தில், பர்னாசுஸ் மலைச்சரிவில் டெல்பி அமைந்துள்ளது. பண்டைக் கிரேக்கர் இதனை உலகின் தொப்புள் என நம்பினர். அதைக் குறிக்கும் கல்லொன்றை அங்குள்ள நூதனசாலையில் இன்றும் காணலாம். வளைந்து ஏறும் திருவழியின் இருமருங்கிலும், பல நகரத்தார் தம் காணிக்கைகளை வைத்த சிறு கட்டடங்களின் அடித்தளங்கள் உள்ளன. அவ்வழியே ஏறினால் அப்பொல்லோ தேவனின் கோயிலை அடைவீர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோயிலில் இன்று நிற்பவை தளமும் ஆறு தூண்களுமே.

பித்தியா எனப்பட்ட பெண் இங்கேதான் குறி சொன்னாள். கட்டணம் செலுத்தி, ஆட்டைப் பலியிட்ட பின்னரே எவரும் அவளிடம் கேட்கலாம். பாரசீகர்மீது போர் தொடுக்கலாமா என்று லீதியா நாட்டரசன் குரோசுஸ் ஆளனுப்பிக் கேட்டான். தொடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்று விடை வந்தது. மகிழ்ந்து போருக்குச் சென்றான். அழிந்தது அவனுடைய அரசே. ஏரொதோத்துஸ் என்னும் வரலாற்றாசிரியர் இதை எழுதி வைத்துள்ளார்.

இனி வேதாகமத்தைத் திறவுங்கள். அப்போஸ்தலர் பணி 16ஆம் அதிகாரத்தில், பிலிப்பி நகரில் குறி சொல்லித் தன் எசமானருக்குப் பெரும் வருவாய் ஈட்டிக்கொடுத்த அடிமைப் பெண்ணொருத்தி வருகிறாள். அவளிடம் இருந்த ஆவியை மூலமொழி 'பித்தோன்' என்கிறது. டெல்பியில் அப்பொல்லோ கொன்றதாகக் கிரேக்கர் கதை கூறும் பாம்பின் பெயரே அது. இயேசுவின் பெயரால் சின்னப்பர் அவளை விடுவித்தார். எசமானரோ அவள் சுகம் பெற்றதைப் பாராமல், வருவாய் போயிற்றே என்று பதறினர். சின்னப்பரும் சீலாவும் அடிபட்டுச் சிறை சென்றனர்.

டெல்பியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் இன்னொரு சாட்சி. அவற்றின் முதற்பகுதி 1905இல் வெளியிடப்பட்டது. உரோமைப் பேரரசர் கிளவுதியு கி.பி. 52ஆம் ஆண்டளவில் எழுதிய மடல் அது. டெல்பியில் குடிகள் அருகிவிட்டதால் புதியோரைக் குடியேற்றுவது பற்றி அது பேசுகிறது. அதில் ஆளுநர் கல்லியோவின் பெயரும் உள்ளது. கொரிந்தில் சின்னப்பர் நிறுத்தப்பட்டது இதே கல்லியோவின் முன்னிலையில்தான் (அப். பணி 18:12). திருத்தூதர் அங்கு பணியாற்றிய காலத்தை அறிஞர் கணிப்பதற்கு இக்கல்லே முக்கிய ஆதாரம். பிறருக்கு நாளையைச் சொன்ன இடம் தன் நாளையை அறியவில்லை. அதன் கல்லோ நற்செய்தியின் ஊழியனுக்குச் சாட்சியாயிற்று!

எனினும் பழைய கிரேக்கரை எள்ளி நகையாட வேண்டாம். தன்னைத்தான் அறியவேண்டும் என்ற அறிவுரையும் அக்கோயிலில்தான் பொறிக்கப்பட்டிருந்தது. நம்மைப் பார்ப்போம். ஞாயிறு பூசை கண்டுவிட்டுத் திங்களன்று சாத்திரம் கேட்கச் செல்வோர் நம்மிடையே இல்லையா? மகளின் கலியாணம் தடைப்படுகிறது. காணாமற்போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை. குறி கேட்பதும் சாதகம் பார்ப்பதும் தகாதவை எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2116) தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளுமுன் நம்மையே கேட்போம்: அவளுடைய துயரத்தை அமர்ந்து கேட்க, பங்கில் நாம் எவராவது முன்வந்தோமா? நாம் செவிகொடாதபோது, காசு வாங்குபவன் செவிகொடுக்கிறான்.

கல்லியோவின் முன் நிற்குமுன்னர், ஓர் இரவில் ஆண்டவர் சின்னப்பரோடு பேசினார். நாளை நடக்கப்போவதை ஒவ்வொன்றாக விரித்துரைக்கவில்லை. அஞ்சவேண்டாம் என்றும், தாம் உடனிருப்பதாகவும், தீங்கு நேராது என்றும் உறுதியளித்தார். சின்னப்பர் அந்த உறுதியோடு பதினெட்டு மாதம் அங்கே தங்கி உழைத்தார்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. அப். பணி 16:16-24, 18:9-17 பகுதிகளை இன்றிரவு செபவேளையில் வாசியுங்கள். அடிமைப் பெண்ணை எசமானர் எவ்வாறு நோக்கினர்? சின்னப்பர் எவ்வாறு நோக்கினார்?

2. நாளையை எண்ணிக் கலங்கும் அயலவர் யார்? இவ்வாரம் அவர் வீட்டுக்குச் செல்வது யார்?