கூகையும் குருத்துப் பூச்சியும்

தாமிரவருணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு போகங்களிலும் பொழுது சாய்ந்தபின் வயலை நாடி வரும் பறப்பன பல. அவற்றுள் இரண்டை ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று, வேட்டைப் பறவையாகிய வெண்கூகை. மற்றொன்று, நெல்லின் குருத்துப் பூச்சி எனப்படும் மஞ்சள் அந்து. இரண்டும் இரவில் உலவுவனவே. எனினும் ஒன்று பயிருக்குக் காவல், மற்றொன்று பகை.

அந்தின் தன்மை

பெண் அந்தின் மஞ்சள் நிற முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. அந்து பயிரைத் தின்பதில்லை. இலை நுனியருகே குவியலாக முட்டையிட்டு, பழுப்பு மயிரால் மூடிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெளிவரும் புழு தண்டினுள் புகுகிறது. இளம்பயிராயின் நடுக்குருத்து காயும். கதிர்ப் பருவமாயின் மணி பிடியாத வெண்கதிர் தோன்றும். உட்புகுந்த புழுவை மருந்து எட்டுதல் அரிது. ஆதலின் முட்டைப் பருவத்திலேயே தடுத்தல் வேண்டும்.

கூகையின் தன்மை

கூகை காரிருளிலும் ஓசையைக் கொண்டே எலியைக் கண்டுபிடிக்கும். அதன் சிறகோசை எலிக்குக் கேளாது. எலியை விழுங்கியபின் எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழும். கோயில் கோபுரத்தின் அடியில் கிடக்கும் அவ்வுருண்டையைப் பிரித்துப் பார்ப்போர்க்கு அதன் உணவு எதுவென விளங்கும். இத்தகைய பறவையைச் 'சாக்குருவி' என்று கல்லெறிந்து விரட்டுவது நமக்கு நாமே இழைக்கும் தீங்காகும். அதன் அலறலுக்கும் மனிதர் சாவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆந்தை இனங்களைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

செய்யத்தக்கவை

கூகை அந்தையும் ஒழித்துவிடும் என எண்ணலாகாது. அதன் முதன்மை இரை எலியே. ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு ஏற்பாடு தேவை.

1. நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளி, முட்டையோடு அழித்திடுக.
2. அந்து ஒளியை நாடுவதால் முன்னிரவில் விளக்குப்பொறி வைத்திடுக.
3. சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் தென்பட்டால் வேளாண்மை அலுவலரைக் கலந்து, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டுக. பூச்சிமருந்து தெளித்தால் அவ்வொட்டுண்ணியும் மடியும்.
4. கூகை அமர வயலில் குறுக்குக் கொம்பு நாட்டுக. எலிக்கு நஞ்சு வைத்தால் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்திடுக. அவற்றைத் தின்னும் கூகையும் மடியக்கூடும்.

அந்தும் எலியும் வரப்பெல்லையை அறியா. கோடகன் கால்வாயாயினும் பாளையங்கால்வாயாயினும், ஒரு மடையில் நீர் பாயும் வயல்களுக்கெல்லாம் ஒரே காலத்தில் இவற்றைச் செய்தால்தான் முழுப்பயன் கிட்டும். தனி ஒருவரால் ஆகாத இதனை ஊர் கூடிச் செய்விக்கும் பொறுப்பு ஊராட்சி உறுப்பினர்களைச் சார்ந்ததாகும். பிசான நடவுக்கு முன்னரே கூடி முடிவு செய்வோமாக.